பாடம் ஆக்கலும் பகிர்தலும்

பொன்னும் பொருளும் பிறர்க்கு வழங்கின், வழங்கியவனிடத்து அந்த அளவு குறையும். கல்வியோ வழங்குந்தோறும் குறைவதில்லை. கற்பிப்பவன் கற்பித்தலாலேயே மேலும் தெளிவு பெறுகின்றான். ஆயினும், குறையாமை ஒன்றினாலேயே ஒரு பொருள் எல்லார்க்கும் எட்டிவிடுவதில்லை. ஊற்று வற்றாது சுரப்பினும், வாய்க்கால் இல்லையேல் தொலைவிலுள்ள வயல் காய்ந்தே கிடக்கும். கணினியும் இணையமும் இக்காலக் கல்விக்கு வாய்த்த வாய்க்கால்கள். அவற்றின் வழியே செல்லத்தக்க பாடத்தை ஆக்குவது எங்ஙனம்? ஒருவர் ஆக்கிய பாடத்தை மற்றொருவர் எடுத்தாள்வது எங்ஙனம்? இவ்விரண்டையும் அறிந்துகொள்ளுதல் மாணவர்க்குப் பெரும்பயன் தரும்.

தொலைவிலிருந்து கற்றல்

ஆசிரியர் ஓரிடத்தும் மாணவர் வேறிடத்தும் இருந்து கற்கும் முறை புதியதன்று. 1840-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டில் குறைந்த கட்டணத்தில் அஞ்சல் அனுப்பும் வசதி ஏற்பட்டது. அதனைப் பயன்படுத்தி ஐசக் பிட்மன் என்பவர் தம் சுருக்கெழுத்து முறையை அஞ்சல் வழியே கற்பித்தார். மாணவர் எழுதி அனுப்பிய பயிற்சிகளைத் திருத்தித் திருப்பி அனுப்பினார். நம் நாட்டில் தில்லிப் பல்கலைக்கழகம் 1962-ஆம் ஆண்டில் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. 1969-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. நம் நாட்டில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-லும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-லும் தோன்றின. வேலை பார்த்துக்கொண்டே பயில விழைந்தோரும், இளமையில் பள்ளிப்படிப்பை விட்டு நின்றோரும், கல்லூரி இல்லாத ஊரில் வாழ்ந்தோரும் இத்தகைய நிலையங்களால் பட்டம் பெற்றனர்.

இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பாடம் ஆக்குவதற்கு மேற்கொண்ட முறை கருதத்தக்கது. ஒரு பேராசிரியர் தனித்திருந்து ஒரு பாடத்தை எழுதி முடிப்பதில்லை. பொருளறிந்த புலவர் சிலர், கற்பிக்கும் முறையில் வல்லார் சிலர், பதிப்பாசிரியர், படம் வரைவோர், வானொலி தொலைக்காட்சி நிகழ்ச்சி அமைப்போர் ஆகியோர் ஒரு குழுவாகக் கூடுவர். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துக் குறை கூறுவர், எழுதியவர் திருத்துவர், திருத்தியது மீண்டும் குழுவின்முன் வரும்.

இத்துணை உழைப்பு எதற்கு என்று வினவலாம். வகுப்பறை ஆசிரியர் மாணவர் முகம் நோக்கிப் பாடம் சொல்கின்றார். புரியாதவன் புருவம் சுருங்குவதைக் கண்டதும் வேறோர் எடுத்துக்காட்டுக் கூறுகின்றார். தொலைவிலுள்ள மாணவனின் முகம் பாடம் எழுதுவோர் கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே, அவன் எங்கே தடுமாறுவான், எதனைத் தவறாகக் கொள்வான் என்பவற்றை முன்னரே எண்ணி, அதற்குரிய விளக்கத்தையும் பாடத்தினுள்ளேயே வைத்தல் வேண்டும். பாடத்தின் நோக்கம் தொடக்கத்திலேயே தெளிவாக நிற்கவேண்டும். பொருள் சிறு சிறு பகுதிகளாக அமைதல் வேண்டும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மாணவன் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் வினா இருத்தல் நன்று. விடை தவறாயின், 'தவறு' என்று சொல்லி நின்றுவிடாமல், ஏன் தவறு என்பதையும் பாடமே எடுத்துரைத்தல் வேண்டும். இங்ஙனம் ஆக்கிய ஒரு பாடம் பலருடைய பல மாத உழைப்பின் பயனாகும். அதனை ஒரு கூட்டத்தார் ஒரு முறை படித்துவிட்டு மூடி வைத்தலும், பக்கத்து ஊரினர் அதே பாடத்தை அடியிலிருந்து மீண்டும் ஆக்குதலும் வீண் உழைப்பன்றோ?

பொறிக்குள் அடைபட்ட பாடம்

கணினி வழியே பாடம் கற்பிக்கும் முயற்சி 1960-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நாட்டின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிற்று. டொனால்ட் பிட்சர் என்னும் பொறியியலறிஞர் தலைமையில் எழுந்த அவ்வமைப்பிற்குப் பிளேட்டோ என்று பெயர். நாளடைவில் அது வளர்ந்து, தொலைவிலிருந்த பல நூறு முனையங்களைத் தொலைபேசிக் கம்பிகளால் ஒரு பெருங்கணினியோடு இணைத்தது. ஆசிரியர் பலர் பல துறைகளில் அதற்கெனப் பாடங்களை ஆக்கினர். ஆனால், அப்பாடங்கள் அவ்வமைப்பிற்கென்றே இயற்றப்பெற்ற டியூட்டர் என்னும் கட்டளைமொழியில் எழுதப்பட்டவை. வேறு வகைக் கணினியில் அவற்றை அப்படியே எடுத்தாள இயலவில்லை. ஒரே பூட்டுக்குப் பொருந்தும் சாவியைப் போன்று, அப்பாடங்கள் ஒரே பொறிக்கு உரியனவாயின. பொறி பழையதாகி ஒதுங்கியபோது பாடமும் உடன் ஒதுங்க நேரிடும்.

இக்குறையை நீக்குதற்குப் பொது வடிவம் ஒன்று தேவை என்பதைப் பின்வந்தோர் உணர்ந்தனர். அவ்வுணர்வின் விளைவாக 2000-ஆம் ஆண்டில் ஸ்கார்ம் என்னும் விதித்தொகுப்பு அமெரிக்காவில் வெளிவந்தது. அதன் அடிப்படை எளியது. ஒரு பாடத்திற்குரிய எழுத்து, படம், ஒலி, வினா ஆகிய கோப்புகள் அனைத்தும் ஒரே பொதியாகக் கட்டப்படும். பொதியினுள் என்னென்ன உள்ளன, எது முன், எது பின் என்று கூறும் பட்டியல் ஒன்று அதனுடன் வைக்கப்படும். மாணவன் எந்தப் பகுதியை முடித்தான், எத்தனை மதிப்பெண் பெற்றான் என்பவற்றைப் பாடம் கல்வி அமைப்பிற்குத் தெரிவிக்கும் முறையும் பொதுவாக வகுக்கப்பட்டது. இவ்விதிகளுக்கு உட்பட்டு ஆக்கப்பட்ட பாடத்தை, அவ்விதிகளை ஏற்ற எந்த அமைப்பிலும் ஏற்றி நடத்தலாம்.

பொதி இருந்தால் மட்டும் போதாது; அதன்மேல் அடையாளச் சீட்டும் இருத்தல் வேண்டும். பெரிய நூலகம் ஒன்றில் அட்டையும் பெயருமின்றி ஆயிரம் நூல்கள் குவிந்து கிடப்பின், அவற்றுள் தேவையான நூலை எவர் தேடி எடுக்க முடியும்? பாடத்தின் பெயர், ஆக்கியோர், மொழி, பொருள், எவ்வயதினர்க்கு உரியது, கற்க ஏறத்தாழ எவ்வளவு நேரமாகும், எவ்வுரிமையோடு வழங்கப்படுகின்றது என்னும் விவரங்களை ஒரே முறையில் குறித்தற்கென 2002-ஆம் ஆண்டில் உலகப் பொறியாளர் கழகமொன்று தரம் ஒன்றினை வகுத்து வெளியிட்டது. தேடிக் கண்டுபிடிக்க இயலாத பாடம் இல்லாத பாடத்திற்கு ஒப்பானதே.

எழுத்தினால் வந்த இடர்

தமிழில் கணினிப்பாடம் ஆக்கியோர் வேறோர் இடரையும் எதிர்கொண்டனர். கணினி எழுத்தை எழுத்தாக அறியாது. ஒவ்வோர் எழுத்திற்கும் உரிய எண்ணையே அறியும். எந்த எழுத்திற்கு எந்த எண் என்று வகுப்பதைக் குறியேற்றம் என்பர். முற்காலத்தில் தமிழ் எழுத்துருக்களை ஆக்கியோர் தத்தமக்குத் தோன்றியவாறு எண்களை வகுத்தனர். ஆதலின், ஓர் எழுத்துருவில் எழுதிய கட்டுரையை வேறோர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளே காட்சியளிக்கும். ஆசிரியர் ஒருவர் அரிதின் முயன்று எழுதிய பாடம், அடுத்த அறையிலிருந்த கணினியில் படிக்க முடியாததாயிற்று.

இந்நிலையைச் சீர்செய்யத் தமிழ்நாட்டரசு 1999-ஆம் ஆண்டில் டாம், டாப் என்னும் இரு குறியேற்றங்களைத் தரமாக அறிவித்தது. உலகமொழிகள் அனைத்திற்கும் பொதுவான ஒருங்குறி பரவிய பின்னர், 2010-ஆம் ஆண்டில் அதனையும் தமிழுக்கென்றே வகுத்த டேஸ்-16 என்னும் குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது. ஒருங்குறியில் எழுதிய தமிழை இன்று சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் உள்ளோர் அப்படியே படிக்கலாம், தேடலாம், திருத்தலாம். 2001-ஆம் ஆண்டில் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றி, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் நிறுவனம் உலகெங்கும் வாழும் தமிழர்க்குப் பாடங்களையும் மின்னூலகத்தையும் வழங்கி வருவதற்கு இத்தகைய பொது எழுத்தே அடிப்படையாகும்.

சிறிதாக்கலும் சூழலோடு பொருத்தலும்

வடிவமும் எழுத்தும் பொதுவாக அமைந்த பின்னரும் ஒரு வினா எஞ்சுகின்றது. பாடத்தை எத்துணைச் சிறிதாக ஆக்குவது? ஒரு நூல் முழுவதையும் ஒரே கட்டாக வைத்தால், அதில் ஓர் இயல் மட்டும் வேண்டுவோர் அதனைப் பிரித்தெடுக்க இடர்ப்படுவர். சிறு செங்கற்களாக இருப்பின், ஒருவர் சுவரும், மற்றொருவர் கிணறும், வேறொருவர் மேடையும் கட்டலாம். 1999-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு பராணிக் என்னும் பேராசிரியர் தொடங்கிய கனெக்ஷன்ஸ் என்னும் திட்டம் இவ்வழியே சென்றது. பாடங்கள் சிறு கூறுகளாக இணையத்தில் வைக்கப்பட்டன. ஆசிரியர் எவரும் வேண்டிய கூறுகளை எடுத்துத் தம் வகுப்பிற்கேற்பக் கோத்துக்கொள்ளலாம். அத்திட்டத்தின் வழிவந்த ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012-ஆம் ஆண்டு முதல் கல்லூரிப் பாடநூல்களை இணையத்தில் விலையின்றி வழங்குகின்றது.

எனினும், கூறு சிறிதாக ஆக எளிதில் எடுத்தாளலாமேயன்றி, அது கற்பிக்கும் ஆற்றல் குறையும். டேவிட் வைலி என்னும் கல்வியறிஞர் இம்முரண்பாட்டைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். இதனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். நீர் ஆவியாதல் என்பதைக் காட்டும் படம் ஒன்று எழுத்தின்றி இருப்பின், அதனை உலகில் எந்த ஆசிரியரும் எடுத்துக்கொள்வர்; ஆனால், படம் மட்டும் மாணவனுக்கு முழுப் பாடமாகாது. தூத்துக்குடி உப்பளத்தில் கடல்நீர் வெயிலில் காய்ந்து உப்பாக விளைவதைக் காட்டி அதே பொருளை விளக்கினால், அவ்வூர்ச் சிறுவன் தன் வீட்டாரின் தொழிலையே பாடத்தில் கண்டு எளிதில் உணர்வான். உதகமண்டலத்துச் சிறுமி உப்பளத்தைக் கண்டிராள். மழைக்காலத்து ஈரக்காற்றில் துணி உலரத் தாமதமாவதை அவள் நன்கு அறிவாள். அவளுக்கு அதுவே தக்க எடுத்துக்காட்டு.

ஆதலின், பாடம் ஆக்குவோர் இரண்டினையும் கருத வேண்டும். எங்கும் பொருந்தும் நடுப்பகுதியை ஒரு கூறாகவும், ஊருக்கேற்ற எடுத்துக்காட்டை வேறொரு கூறாகவும் அமைத்தல் நன்று. அங்ஙனம் அமைப்பின், எடுத்தாள்வோர் நடுப்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு எடுத்துக்காட்டை மட்டும் மாற்றுவர். 'சென்ற பாடத்தில் கண்டோம்', 'இவ்வாண்டு நடந்தது' என்பன போன்ற தொடர்கள் பாடத்தை ஓரிடத்திற்கும் ஒரு காலத்திற்கும் கட்டிவிடும். அவற்றை விலக்குதல் வேண்டும். படத்தினுள்ளேயே எழுத்தைப் பதித்துவிட்டால் வேற்றுமொழியார் அதனை மாற்ற இயலாது. கண்பார்வை இல்லாத மாணவர்க்கு எழுத்தைப் படித்துக் காட்டும் மென்பொருளும் அதனை எளிதில் படிக்க மாட்டாது. எழுத்தைத் தனியாகவும் படத்தைத் தனியாகவும் வைத்துப் படத்திற்கு விளக்கவுரையும் சேர்த்தால், அப்பாடம் மொழி கடந்தும் குறை கடந்தும் செல்லும்.

உரிமையும் இசைவும்

பொதியும் சீட்டும் எழுத்தும் செவ்வையாக இருந்தும் பாடம் பூட்டிக் கிடக்கலாம். அப்பூட்டு உரிமை என்பதாகும். ஒருவர் ஆக்கிய எழுத்திற்கும் படத்திற்கும் பதிப்புரிமை உண்டு. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தாளர் வாழ்நாளிலும் அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும் அவ்வுரிமை நிலைக்கும். வகுப்பறையில் கற்பித்தற்குச் சில விலக்குகள் இருப்பினும், பிறர் ஆக்கிய பாடத்தைத் திருத்தி ஊரறிய வெளியிடுவதற்கு அவர் இசைவு வேண்டும். ஆக்கியவரின் உழைப்பைக் காப்பதால் இது நியாயமே. ஆனால், தம் பாடம் பலர்க்கும் பயன்படுக என்று விரும்பும் ஆசிரியர் ஆயிரம் பேர்க்குத் தனித்தனியே இசைவுக் கடிதம் எழுத முடியுமா?

இதற்கு வழியாக 2002-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் அமைப்பு சில பொது உரிமங்களை வெளியிட்டது. ஆசிரியர் தம் பாடத்தின்மேல் அவ்வுரிமங்களுள் ஒன்றைக் குறித்துவிட்டால், கேளாமலே எவரும் அந்நிபந்தனைகளுக்கு உட்பட்டு எடுத்தாளலாம். ஆக்கியோர் பெயரைக் கூறுதல் வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. விற்றுப் பொருளீட்டலாகாது, மாற்றலாகாது, மாற்றினால் அதே உரிமத்தோடு பிறர்க்கும் வழங்குக என்பன வேறு சில. தமிழ்நாட்டினர்க்கு இக்கருத்து முற்றிலும் புதியதன்று. 1949-ஆம் ஆண்டில் சென்னை அரசு பாரதியார் படைப்புகளின் உரிமையை வாங்கிற்று. பின்னர் அது மக்களுக்கே உரியதாக்கப்பட்டது. எவரும் அச்சிடலாம் என்று ஆனமையால் அப்பாடல்கள் சிறு விலையில் சிற்றூர்களுக்கும் சென்றன.

உரிமையை வழங்குதலால் விளையும் நன்மைக்கு மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் வரலாறு தக்க சான்று. அமெரிக்காவின் தலைசிறந்த பல்கலைக்கழகங்களுள் ஒன்றாகிய அது, இணையத்தின் வழியே பாடங்களை விற்றுப் பொருளீட்டலாமா என்று முதலில் ஆராய்ந்தது. ஆராய்ந்த ஆசிரியர் குழு, விற்பதைக் காட்டிலும் யாவர்க்கும் விலையின்றி வழங்குதலே தக்கது என்று பரிந்துரைத்தது. 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அத்திட்டம் அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டில் 50 பாடங்கள் இணையத்தில் வெளிவந்தன. 2007-ஆம் ஆண்டின் இறுதியில் அவை 1,800 ஆயின. பட்டம் வழங்கப்படுவதில்லை, பாடம் மட்டும் வழங்கப்படுகின்றது. ஆசிரியர் கொடுத்த குறிப்பை அப்படியே இணையத்தில் இட்டுவிடவுமில்லை. அதிலுள்ள படங்களும் மேற்கோள்களும் பிறருடையனவாயின், ஒவ்வொன்றிற்கும் இசைவு பெறுதல், பெற இயலாதாயின் வேறு படம் வரைதல் அல்லது நீக்குதல் என்னும் நுண்ணிய பணி அங்கே நடைபெற்றது.

இதனைக் கண்ட தைவான் நாட்டு இளைஞர் லூசிஃபர் சூ என்பவர் 2004-ஆம் ஆண்டில் அப்பாடங்களைச் சீனமொழியில் பெயர்க்கும் முயற்சியைத் தொடங்கினார். டோல்கின் எழுதிய 'தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் நெடுங்கதையைச் சீனத்தில் பெயர்த்துத் தாம் ஈட்டிய பொருளை அவர் இதற்குச் செலவிட்டார். ஊதியம் கருதாத தொண்டர் பலர் மொழிபெயர்ப்பில் துணைநின்றனர். ஆங்கிலமறியாத மாணவர்க்கும் உயர்நிலைப் பாடங்கள் இங்ஙனம் எட்டின. ஆப்பிரிக்க நாடுகளில் இணைய வசதி குறைந்த பல்கலைக்கழகங்களுக்கு அதே பாடங்கள் வன்தட்டுகளில் பதித்து வழங்கப்பட்டன. உரிமம் இசைவு தந்திராவிடின் இவற்றுள் ஒன்றும் நிகழ்ந்திராது.

2002-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் பாரிசு நகரில் கூட்டிய மன்றத்தில் இத்தகைய பாடங்களுக்குத் திறந்தநிலைக் கல்வி வளங்கள் என்னும் பொருளுடைய பெயர் சூட்டப்பட்டது. தன்னிடம் வைத்துக்கொள்ளுதல், மீண்டும் பயன்படுத்துதல், திருத்துதல், பிறவற்றோடு கலத்தல், பகிர்தல் என்னும் ஐந்து உரிமைகளும் எதற்கு உண்டோ, அதுவே முழுதும் திறந்த பாடம் என்று வைலி வகுத்துரைத்தார். கண்ணால் காண மட்டும் இசைவு தந்து, கையால் எடுக்க விடாத பாடம் கண்ணாடிப் பேழையுள் வைத்த கனிக்கு ஒப்பாகும்.

எடுத்தாள்வோர் கடமை

உரிமை உள்ளவிடத்துக் கடமையும் உண்டு. முற்காலத்தில் ஏட்டுச்சுவடி ஒன்றைப் பார்த்துப் படியெடுத்தோர் ஓரெழுத்தைப் பிழையாக எழுதினால், அப்பிழை அதனைப் பார்த்து எழுதிய அடுத்த ஏட்டிலும் நின்றது. தலைமுறை பல கடந்த பின்னர் மூலபாடம் யாது என்று தேடிப் பதிப்பாசிரியர் பெரிதும் வருந்தினர். இன்று ஒரு பாடத்தை நொடிப்பொழுதில் ஆயிரம் படிகளாக்கலாம். அதிலுள்ள பிழையும் ஆயிரமாகும். ஆதலின், பிறர் பாடத்தை எடுத்தாள்வோர் முதலில் அதனைச் சரிபார்த்தல் வேண்டும். எதனை மாற்றினர் என்பதை வெளிப்படக் கூறுதல் வேண்டும். பிழை கண்டால் தம் படியில் மட்டும் திருத்தி நில்லாது, ஆக்கியோர்க்கும் தெரிவித்தல் வேண்டும். ஆக்கியோர் பெயரை மறைத்தல் அவர் உழைப்பைக் கவர்தலாகும்.

பள்ளி மாணவர் இவற்றைப் பெரியோர் செயல் என்று ஒதுக்கிவிடலாகாது. 2018-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டின் பாடநூல்களில் சிறு கட்டங்களாலான விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டன. கைப்பேசியால் அக்குறியீட்டை நோக்கினால் காணொளிப் பாடமோ பயிற்சியோ திறக்கும். 2020-ஆம் ஆண்டில் கொள்ளை நோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, கல்வித் தொலைக்காட்சியின் வழியாகவும் காணொளிப் பாடங்கள் மாணவர் இல்லங்களை அடைந்தன. ஒரு முறை பதிவு செய்த பாடம் தொலைக்காட்சிக்கும் கணினிக்கும் கைப்பேசிக்கும் பொதுவாகப் பயன்படும் என்பதை நாடு அப்பொழுது கண்டது. கைப்பேசியோ இணையமோ இல்லாத வீட்டுச் சிறுவர் பின்தங்க நேர்ந்ததையும் கண்டது. ஆகவே, இணையமின்றியும் பயன்படுமாறு பாடத்தைப் பதிந்து கொடுத்தலும் பாடம் ஆக்குவோர் கருதவேண்டிய ஒன்றாகும்.

மாணவன் ஒருவன் தான் வரைந்த படத்தையோ, தன் ஊர்க் குளத்தைப் பற்றித் திரட்டிய செய்தியையோ, செய்யுள் ஒன்றனை ஓதிய ஒலிப்பதிவையோ ஒருங்குறித் தமிழில் பெயரும் விவரமும் குறித்து, ஆசிரியர் பார்வையிட்ட பின் பொது உரிமத்தோடு வழங்குவானாயின், அவன் கண்டறியாத ஊரிலுள்ள வேறொரு மாணவன் அதனால் கற்பான். நன்றாக ஆக்குதல், பிறர் எடுக்கத்தக்க வடிவில் வைத்தல், இசைவு தந்து விடுத்தல், எடுத்ததை உரியவர் பெயரோடு போற்றுதல் ஆகிய நான்கும் கூடிய இடத்திலேதான் கல்வி குறையாத செல்வமாக நிற்கும்.